டி. கல்லுப்பட்டி: ஒரு பிசிறு வெண்கலத்துக்காக ஒரு நாள்

போன மாசி மாதம் இரண்டாவது சனிக்கிழமை நானும் என் மனைவியும் டி. கல்லுப்பட்டிப் பக்கம் போனது கோயில் பார்க்க அல்ல, குளம் பார்க்க அல்ல, ஒரு கல்யாண போட்டோவின் மூலையில் தெரிந்த கிண்ணத்தைப் பார்க்க. இந்த வலைப்பூவில் வழக்கமாக டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் எழுதுவேன். பஸ் நேரம், கட்டணம் எல்லாம் இதிலும் உண்டு. அதற்காக மட்டும் வந்தவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. துறைத் தேர்வு எழுதினால் கண்காணிப்பாளர் ஆகலாம். எழுதவில்லை. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். என் மனைவி ரெஜினா ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். பழைய உலோகப் பொருளில் கடுகளவு வெட்டி எடுத்து, கண்ணாடிபோலத் தேய்த்து, ஒரு திராவகம் தடவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பாள். செய்தவன் வார்த்தானா, அடித்தானா, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினானா என்பதெல்லாம் உலோகத்துக்குள்ளேயே பதிந்து கிடக்குமாம். எத்தனை வருஷமானாலும் அழியாதாம். நான் காலையில் சொன்ன பொய்யைச் சாயங்காலம் கண்டுபிடிக்கும் பயிற்சி அவளுக்கு அங்கேதான் கிடைத்தது என்பது என் கணிப்பு.

இது ஒன்பதாவது வருஷம். பல்கலைக்கழகம் கடைசித் தவணையும் கொடுத்துவிட்டது. சித்திரை முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஒன்பது வருஷமும் போச்சு. ஏழு பொருள்களைப் பற்றி எழுத வேண்டும், ஆறு முடிந்திருந்தது. ஏழாவதாக நம்பியிருந்தது பரவைப் பக்கம் ஒரு வீட்டில் இருந்த ராஜா காலத்து வாள். நுண்ணோக்கியில் வைத்த பிறகு அது லாரிக்கு அடியில் இருக்கும் வில் பட்டை என்று தெரிந்தது. அந்த வீட்டில் வைத்த காபியை எங்களுக்குக் கொடுக்காமலே உள்ளே எடுத்துப் போனார்கள்.

அந்த வாரம்தான் என் பக்கத்து மேஜைக்காரர் முருகேசன் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து தன் அக்கா மகன் கல்யாணப் படங்களைச் செல்போனில் காட்டினார். ரெஜினா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, பொண்ணைப் பார்க்கவில்லை. ஆரத்தி எடுக்கும் கிண்ணத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள். "இது பித்தளை நிறம் இல்லங்க" என்றாள். பொன்னும் வெள்ளியும் கலந்த மாதிரி ஒரு நிறம். வெள்ளீயம் அதிகம் சேர்த்த பழைய வெண்கலம் அப்படித்தான் இருக்குமாம். மணப்பெண் நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று நான்தான் அவள் காலை மிதித்தேன்.

காலை 7.10க்குப் பெரியார் நிலையத்தில் திருமங்கலம் டவுன் பஸ் ஏறினோம். இருபது கிலோமீட்டர். ரெஜினாவுக்கு மகளிர் இலவசம், எனக்குப் பதினைந்து ரூபாய். ஆராய்ச்சி அவளுடையது, செலவு மட்டும் என்னுடையது. மடியில் கையடக்க நுண்ணோக்கி, அதை இணைக்கும் மடிக்கணினி, சின்னப் பிளேடு, பஞ்சு, காகித உறைகள் எல்லாம் கொண்ட பெட்டி. கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே இது? லக்கேஜ் போடவா?"

"மைக்ராஸ்கோப்ணே. பழைய உலோகம் பார்க்கறது" என்றேன்.

அவர் உடனே மோதிர விரலை நீட்டினார். "அப்ப இதைப் பாத்துச் சொல்லுங்க, முழுத் தங்கமா, கலப்பான்னு."

ரெஜினா நிமிர்ந்து, "மாமியார் வீட்டுல போட்டதாண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப பாக்க வேணாம்ணே."

கண்டக்டர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

திருமங்கலம் எட்டு மணி. நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் சேர்த்து எண்பது ரூபாய், சட்னி சுமார். 8.35க்கு ராஜபாளையம் போகும் பஸ், டி. கல்லுப்பட்டிக்கு இன்னொரு இருபது கிலோமீட்டர், தலைக்கு இருபது ரூபாய். இது டவுன் பஸ் இல்லை என்பதால் இங்கே இரண்டு பேருக்கும் டிக்கெட். 9.15க்கு இறங்கி, காந்தி ஆசிரமத்துப் பக்கமாக ஷேர் ஆட்டோ பிடித்து நான்கு கிலோமீட்டர் போனோம். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன், வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். கரிசல் காடு. பருத்தி எடுத்து முடிந்து மக்காச்சோளம் நின்றது.

முருகேசன் அண்ணனின் அக்கா பேச்சியம்மாள். ஐம்பது வயதிருக்கும். ஆறு ஏக்கரையும் புருஷன் தவசி அண்ணனையும் ஒரே குரலில் நடத்துபவர். வாசலிலேயே, "வாங்க டாக்டரம்மா" என்றார். ரெஜினா என்னைப் பார்த்தாள். போனில் நான்தான் 'டாக்டருக்குப் படிக்கிறாங்க' என்று சொல்லியிருந்தேன். 'படிக்கிறாங்க' வழியிலேயே எங்கேயோ இறங்கிவிட்டது.

கிண்ணம் வந்தது. எங்களுக்காக விடியற்காலையில் எழுந்து புளியும் சாம்பலும் போட்டு விளக்கியிருந்தார்கள். பார்க்க வேண்டியது அந்தப் பழைய பாசி நிறக் களிம்பு. விருந்தாளி வருகிறாரே என்று அதைத் தேய்த்துத் தள்ளியாயிற்று. ரெஜினா மூச்சை இழுத்துவிட்டு, "ரொம்ப சுத்தமா இருக்குக்கா" என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

ஆனால் விரலால் சுண்டியதும் அவள் முகம் மாறியது. கிண்ணம் கணீரென்று நெடுநேரம் ஒலித்தது. விளிம்பின் அடிமடிப்பில், புளிக்குத் தப்பி, நூல் அளவு பச்சை மிச்சமிருந்தது. தவசி அண்ணனின் தாத்தா கிணறு வெட்டும்போது கிடைத்ததாம். அன்றிலிருந்து இந்த வீட்டுக் கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் ஆரத்தி இதில்தான்.

"அக்கா, இதுல கடுகளவு வெட்டிக்கிட்டா போதும். விளிம்புக்குக் கீழ. வெளிய தெரியாது" என்றாள் ரெஜினா.

"வெட்டவா?"

"இம்புட்டுக்காண்டுதான்."

"அம்மாடி! மூளியாப் போன பாத்திரத்துல ஆரத்தி எடுக்கலாமா? மருமக மாசமா இருக்கா. வேற என்ன வேணாலும் கேளுங்க."

ரெஜினா அரை மணி நேரம் பேசினாள். நுண்ணோக்கியை வைத்து மேல்பரப்பைத் திரையில் காட்டினாள். பேச்சியக்கா ஆர்வமாகப் பார்த்தார், அழகாக இருக்கிறது என்றார், முடியாது என்றார். வெட்டாமல் மேலே மட்டும் பார்த்தால் தெரிவது புளியின் வேலைதான். உள்ளே இருப்பது தெரியாது. ரெஜினா பெட்டியை மூடினாள். ஒன்பது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதும் அழவில்லை, ஆனால் பெட்டியின் பூட்டை மூன்று முறை போட்டாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு. கிணற்றடியில் கை கழுவும்போது ரெஜினா குனிந்து ஒரு பானை ஓட்டை எடுத்துப் பார்த்தாள். விரல் தடிமன், உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, பெரிய வளைவு. அந்தப் பக்கம் காடெல்லாம் அப்படி ஓடுகள் கிடந்தன. கீழே வைத்துவிட்டு வந்தாள். "என்ன?" என்றேன். "பெறகு சொல்றேன்" என்றாள்.

இதற்கிடையில் பேச்சியக்கா தவசி அண்ணனைக் கலர் வாங்கி வரச் சொல்லி டவுனுக்கு அனுப்பியிருந்தார். போனவர் ஒன்றேகால் மணி நேரம் கழித்து, 1.40க்கு, இரண்டு கலர் பாட்டிலோடும் ஒரு மஞ்சள் பையோடும் வந்தார். பேச்சியக்கா பையை வாங்கி, கிண்ணத்தை எடுத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ரெஜினா கையில் கொடுத்தார்.

"மொகம் வாடிப் போச்சே, எனக்குச் சோறு எறங்கல. ஒடச்சுக் குடுக்க மாட்டேன், முழுசாக் குடுப்பேன். எடுத்துட்டுப் போங்க."

ரெஜினா கிண்ணத்தைத் திருப்பினாள். வெளிப்பக்கத்தில் புத்தம் புதிதாக, புள்ளி புள்ளியாக, இரண்டு வரி பளபளத்தது:

*டாக்டர் ரெஜினா அவர்களுக்கு அன்பளிப்பு. தவசி – பேச்சியம்மாள் குடும்பத்தார்.*

நம் ஊரில் பேர் வெட்டாமல் பாத்திரம் கொடுப்பது மொய் எழுதாமல் கவரை நீட்டுவது மாதிரி. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் மண்ணுக்குள் எத்தனையோ நூறு வருஷம் ஒரு கீறல் விழாமல் கிடந்த கிண்ணத்தில் தன் பேரையே பார்த்ததும் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பழம்பொருளில் பென்சில் கோடு போட்டால்கூட அவர்கள் துறையில் பாவம்.

"அக்கா, நான் இன்னும் டாக்டர் ஆகலக்கா" என்றது மட்டும்தான் அவளுக்கு வந்தது.

"ஆகாமயா போயிருவீங்க? போட்டாச்சுல்ல" என்றார் பேச்சியக்கா.

தவசி அண்ணன் தன் பங்குக்குச் சந்தோஷமாக, "விளிம்புல ஒரு பிசிறு நீட்டிக்கிட்டு இருந்துச்சு டாக்டரம்மா. கையக் கிழிக்கும்னு கடைக்காரரு அதையும் நறுக்கி, அரம் போட்டுக் குடுத்துட்டாரு" என்றார்.

ரெஜினா விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நறுக்கினாரா?" என்றாள் ரெஜினா. "அப்ப மூளி ஆகாதாக்கா?"

"அதெப்படி ஆகும்? பேரு வெட்டுறப்ப கடையில செதுக்குறது சுத்தம் பண்றது. வீட்டுல வச்சு வெட்டுனாத்தான் மூளி" என்று பேச்சியக்கா தெளிவாக விளக்கினார். இதை என் மனைவி ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும்.

"அந்தப் பிசிறு எங்கண்ணே?"

"கடையிலதான் கெடக்கும். கூட்டித் தள்ளிருப்பாரு."

தவசி அண்ணனின் மொபெட்டில் மூன்று பேர் போனோம். சட்டப்படி தவறு, யாரும் செய்ய வேண்டாம். நடுவில் ரெஜினா, பின்னால் நான், என் தலைமேல் நுண்ணோக்கிப் பெட்டி. நான்கு கிலோமீட்டரில் மூன்று வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் ரெஜினா, "பெட்டி பத்திரம்" என்றாள். தலை பத்திரம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பாத்திரக்கடை கடைத்தெருவில் இருந்தது. பேர் வெட்டுபவர் அறுபது வயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. மேஜைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. மேஜையில் விழும் தூளையும் துண்டையும் கூட்டி அதில்தான் போடுவாராம், நிறைந்ததும் உருக்குபவருக்குப் போகும். பித்தளை, செம்பு, எவர்சில்வர் எல்லாம் கலந்து முக்கால் டப்பா இருந்தது.

"கடவுளே" என்றேன் நான்.

ரெஜினா கல்லாவில் வெள்ளைத்தாளை விரித்து, மேலாக ஒரு பிடி அள்ளிப் போட்டு, நுண்ணோக்கியை வைத்தாள். மடிக்கணினித் திரையில் பித்தளைச் சுருள்கள் முறுக்கு முறுக்காகத் தெரிந்தன. ஐந்து நிமிஷத்தில் கடைக்குள் பத்துப் பேர். சீர்வரிசைக் குடத்துக்குப் பேர் வெட்ட வந்த ஓர் அம்மா, "நகை தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அதுதான் சுருக்கமான பதில். உடனே பத்துப் பேரும் கீழே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

பேர் வெட்டுபவர் மட்டும் குனியவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி, "அது நீங்க குடுத்தனுப்பின கிண்ணமா?" என்றார். "கைய வச்சப்பவே நெனச்சேன். பித்தள சுருண்டு சுருண்டு வரும். இது சுருளவே இல்ல, பொடிப்பொடியாக் கொட்டுச்சு. ஊசி வழுக்கிக்கிட்டே போகுது. 'டா' போடவே பத்து நிமிசம் ஆச்சு. ஆனா அடிச்ச அடிக்குச் சத்தம் மட்டும் கோயில் மணி. என்ன சரக்கும்மா அது?"

ரெஜினா திரையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். நோட்டை எடுத்து அவர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். ஒன்பது வருஷமாக ஆய்வகத்தில் இருப்பவர்கள் சொல்வதை இவர் ஓர் ஊசியை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாராம்.

"அப்ப சுருளா இருக்கறதை எல்லாம் தள்ளிருங்க" என்றாள் என்னிடம்.

தள்ளத் தள்ள வேலை சுலபமானது. 2.50க்கு, மூன்றாவது பிடியில், திரையின் ஓரத்தில் அரை அரிசி அளவு ஒன்று வந்தது. ஒரு பக்கம் பொன்வெள்ளையாக வெட்டிய முகம், மறு பக்கம் களிம்பேறிய அடர்பச்சை. ரெஜினா இடுக்கியால் எடுத்தாள். காகித உறையில் போட்டு, உறையை டப்பியில் போட்டு, டப்பியைக் கைப்பையில் போட்டு, கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு கடை முக்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"என்ன, தங்கமா?" என்றார் குடத்து அம்மா.

"அதுக்கு மேலம்மா" என்றேன்.

சுருக்கமாக மீதியைச் சொல்கிறேன். அந்த அரை அரிசியைப் பிசினில் பதித்து மூன்று நாள் தேய்த்தாள். திரையில் ஊசி ஊசியாக, கோரைப் புல்லைக் கொட்டிவிட்ட மாதிரி தெரிந்தது. அந்த ஊசி வடிவம், பழுக்கக் காய்ச்சி அடித்து, சட்டென்று தண்ணீரில் முக்கினால் மட்டும் வருமாம். முக்காமல் ஆறவிட்டிருந்தால் முதல் ஆரத்திக்கே உடைந்திருக்கும். வெள்ளீயம் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அரிப்பு மேல்பரப்பில் நிற்காமல் உள்ளே வெகுதூரம் போயிருந்தது. புளிக்கோ ஐம்பது நூறு வருஷத்துக்கோ அப்படி ஆகாது, மண்ணில் மிக நெடுங்காலம் கிடக்க வேண்டும். சித்திரை இருபத்தொன்பதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தாள். நான்கு மாதம் கழித்து நடந்த வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் படத்தைப் பார்த்து, "கிண்ணத்தில் எழுத்து இருக்கிறதே, எந்தக் காலம்?" என்று கேட்டார்.

"போன மாசி மாதம் சார்" என்றாள்.

நான் பின்வரிசையில் இருந்தேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அதே 7.10 பஸ், அதே கண்டக்டர். இந்த முறை மோதிரக்கை பைக்குள்ளேயே இருந்தது. மடியில் கிண்ணம். திருப்பிக் கொடுக்கத்தான் போனோம். அன்று கிணற்றடியில் சொல்லாததை ரெஜினா எனக்கு எப்போதோ சொல்லிவிட்டாள். அந்தத் தடித்த ஓடுகள் முதுமக்கள் தாழியுடையவை. இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைக்கும்போது கூட வைத்த கிண்ணமாகத்தான் இது இருக்க வேண்டும். அதில்தான் மூன்று தலைமுறையாக மணமக்களுக்கு ஆரத்தி எடுத்திருக்கிறார்கள்.

"சொல்லாம விட்டுருவோமே" என்றேன்.

"ஆய்வேட்டுல எழுதிட்டு வீட்டுக்காரங்ககிட்ட மறைக்கிறதா?" என்றாள்.

சொன்னாள். இனிப்புப் பெட்டியைக்கூடப் பிரிக்கும் முன் சொன்னாள். தவசி அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நிறைமாதமாக இருந்த மருமகள் கதவோரம் நின்று மாமியாரையே பார்த்தாள். நான் வாசலில் செருப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

பேச்சியக்கா கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் விளிம்பைத் தடவினார்.

"செத்தவுக யாரு டாக்டரம்மா?"

"தெரியாதுக்கா. இந்த மண்ணுல இருந்தவங்க."

"எங்க காட்டுல இருந்தவுகன்னா எங்க ஆளுகதான? கூடவே அனுப்பி வச்ச கிண்ணம், பிள்ளைகளுக்கு ஆகும்னு மேல தள்ளி விட்டுருக்காக. இதுக்குப் போயி இம்புட்டு மூச்சு முட்டிக்கிட்டு வந்தீகளா?"

பிறகு ரெஜினாவைக் கிழக்குப் பார்த்து நிற்கச் சொன்னார். மருமகள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டு வந்தாள். சிவந்த நீரோடு கிண்ணம் மூன்று சுற்று சுற்றியது. சுற்றும்போது ஒவ்வொரு முறையும் 'டாக்டர் ரெஜினா' என்னைக் கடந்து போனது. "போட்டது பொய்யாப் போகல பாருங்க" என்றார் பேச்சியக்கா. ரெஜினா ஒன்பது வருஷத்தையும் சேர்த்துச் சிரித்தாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கிண்ணம் அங்கேயே இருக்கிறது. பதிவு செய்வதற்குத் தொல்லியல் துறைக்கு அவர்களே எழுதிப் போட்டுவிட்டார்கள், கடிதம் ரெஜினா எழுதிக் கொடுத்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: பெரியாரிலிருந்து டி. கல்லுப்பட்டி நாற்பது கிலோமீட்டர், திருமங்கலத்தில் மாறினால் இரண்டு மணி நேரம் போதும். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய், பெண்களுக்கு இருபது. ஆட்டோ தனி. வெயிலுக்கு முன் போய்விடுங்கள். இட்லியை டி. கல்லுப்பட்டியில் சாப்பிடுங்கள், அங்கே சட்னி நன்றாக இருக்கிறது. உங்கள் காட்டில் ஏதாவது பழைய உலோகம் கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், புளி போடாதீர்கள், தயவுசெய்து பேரும் வெட்டாதீர்கள். விளிம்பில் பிசிறு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

புதுப் பாத்திரத்தில் பேர் வெட்டுவதைப் பற்றி எனக்கு வேறு கருத்து இருந்தது. நேற்றுவரை. இன்று காலை காபி குடிக்கும்போதுதான் கவனித்தேன், என் எவர்சில்வர் டம்ளரில் புதிதாகப் புள்ளி புள்ளியாக என்னவோ மின்னியது. திருப்பிப் பார்த்தேன். என் பேர், அதற்குக் கீழே 'கண்காணிப்பாளர்'. பதினொரு வருஷமாக நான் தள்ளிப்போடும் துறைத் தேர்வு அது. ரெஜினா பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு, பரண்மேல் போட்ட புத்தகத்தை எடுக்க ஏணி தேடினேன்.